எந்தப் பள்ளியில் சேர்வது? மசாஜ் தெரபிஸ்ட் ஆக விரும்புவோருக்கு

"சார், எந்த ஸ்கூல்ல சேரலாம்?" என்று கேட்டு வருபவர்களிடம் பதிலுக்கு நான் ஒன்று கேட்பது வழக்கம். "படிச்சு முடிச்சதும் எங்க வேலைக்குப் போறதா இருக்கீங்க?" பெரும்பாலும் பதில் வராது. "எங்க கெடைச்சாலும் போறேன் சார்" என்பார்கள். பணமும் காலமும் கரையத் தொடங்குவது அந்தப் பதிலில்தான்.

இந்தத் தொழிலில் எல்லாக் கதவையும் திறக்கும் ஒரே படிப்பு கிடையாது. அரசு சித்த மருத்துவமனையில் செல்லும் சான்றிதழ், நட்சத்திர ஓட்டல் ஸ்பாவில் பெரிதாக எடுபடாது. ஓட்டலில் கொண்டாடப்படும் சான்றிதழை அமெரிக்க மாநில வாரியம் ஏறெடுத்தும் பார்க்காது. ஆகவே வேலையை முதலில் முடிவு செய்யுங்கள். பள்ளி அதற்குப் பின்னால் தானாக வரும்.

வேலையிலிருந்து பின்னோக்கி

அரசு வேலைதான் குறி என்றால் வழி ஒன்றுதான். தமிழக அரசின் இந்திய மருத்துவம், ஓமியோபதித் துறையின் கீழ் வரும் மருத்துவமனைகளில் சிகிச்சை உதவியாளர் என்றொரு பணியிடம் இருக்கிறது. எம்.ஆர்.பி. என்று நாம் சொல்லும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் இதற்கு ஆள் எடுத்தபோது கேட்ட தகுதி, தமிழக அரசே நடத்தும் நர்சிங் தெரபி பட்டயப் படிப்பு. சென்னை அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் நடக்கும் இரண்டரை ஆண்டுப் படிப்பு அது. தனியாரிடம் ஆறு மாதம் படித்து பிரேம் போட்டு மாட்டிய சான்றிதழை வைத்துக்கொண்டு இந்தக் கதவைத் தட்ட முடியாது. பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருந்து, இந்த வேலையில் விருப்பமும் இருந்தால், தனியார் பள்ளிகளின் நோட்டீஸைப் புரட்டும் முன் அந்த ஆண்டுக்கான அரசுத் தகவல் கையேட்டை வாங்கிப் படியுங்கள். பிளஸ் டூவில் எடுத்த பாடம், வயது வரம்பு, கடைசி நாள் எல்லாம் அதில்தான் இருக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் போன வருடம் சொன்னதை நம்பி உட்கார வேண்டாம்.

ஆயுர்வேத மருத்துவமனை, கேரளப் பாணி ரிசார்ட் என்று மனம் போனால், பிழிச்சல், ஞவரக்கிழி, சிரோதாரை போன்ற சிகிச்சைகள் கைவர வேண்டும். கேரள அரசு, தன் ஆயுர்வேத மருத்துவக் கல்வி இயக்ககத்தின் வழியாக ஓராண்டு ஆயுர்வேத தெரபிஸ்ட் சான்றிதழ்ப் படிப்பை நடத்துகிறது. யார் யார் விண்ணப்பிக்கலாம் என்பதை அந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். கேரளத்துக்கே போய்ப் படித்தால்தான் ஆயிற்று என்றில்லை. கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசி 1943-லிருந்து இருக்கிறது. ஆயுர்வேத வைத்தியசாலைகள் கொங்கு நாட்டில் நேற்று முளைத்தவை அல்ல. மத்திய அரசின் திறன் திட்டத்திலும் பஞ்சகர்மா டெக்னீஷியன் என்றொரு பிரிவு உண்டு.

இயற்கை மருத்துவப் பக்கம் விருப்பம் இருப்பவர்கள் புனேயைக் கவனிக்கலாம். அங்கே உள்ள தேசிய இயற்கை மருத்துவ நிறுவனம், சிகிச்சை உதவியாளர்களுக்கென்றே ஓராண்டுப் பயிற்சி நடத்துகிறது. மசாஜோடு நீர் சிகிச்சை, மண் சிகிச்சை எல்லாம் சேர்ந்து வரும். இந்தி கொஞ்சம் புரிந்தால் நல்லது.

ஓட்டல் ஸ்பா வேறு உலகம். அழகு, ஆரோக்கியத் துறைக்கான திறன் கவுன்சில் வகுத்த பாடத்திட்டத்தில் உதவி ஸ்பா தெரபிஸ்ட் மூன்றாம் நிலை, ஸ்பா தெரபிஸ்ட் நான்காம் நிலை. இந்தச் சான்றிதழ் இருந்தால் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். வேலையை முடிவு செய்வது ட்ரேட் டெஸ்ட். ஸ்பா மேனேஜர் டேபிளில் தானே படுத்துக்கொண்டு, "பண்ணுங்க" என்பார். முதல் ஐந்து நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு கையை எடுத்துவிட்டு இன்னொரு கையை வைக்கும்போது நடுவில் தொடர்பு அறுகிறதா, டவலை மாற்றும்போது உடம்பு வெளியே தெரிகிறதா, எண்ணெய் எடுக்கப் போகும்போது செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று முதுகாலேயே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த மூன்றையும் சொல்லித் தராத பள்ளி எத்தனை சான்றிதழ் கொடுத்தாலும் ஓட்டலுக்கு உதவாது.

வெளிநாடு என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம். மாலத்தீவு ரிசார்ட் வேறு, துபாய் மருத்துவ மையம் வேறு, கனடா வேறு. வளைகுடாவிலும் கப்பல்களிலும் உள்ள ஸ்பாக்கள் ஐடெக், சிப்டாக், சிடெஸ்கோ போன்ற பன்னாட்டுச் சான்றிதழ்களை மதிக்கின்றன. இவற்றை நம் ஊரிலேயே படிக்கலாம். ஆனால் அந்தப் பள்ளி உண்மையிலேயே அங்கீகாரம் பெற்ற மையமா என்பதைப் பள்ளியின் வரவேற்பறையில் கேட்டுப் பயனில்லை. சான்றிதழ் தரும் அமைப்பின் இணையதளத்தில் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் இல்லாமல் மசாஜ் செய்வதே குற்றம். அங்கே பயிற்சி மணிக்கணக்கில் அளக்கப்படுகிறது. பல மாநிலங்கள் 500 மணி நேரத்தையொட்டிக் கேட்கின்றன, நியூயார்க் 1000 மணி நேரம் கேட்கிறது. அதற்கு மேல் ஒரு தேர்வும் எழுத வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் பதிவு பெற்ற தெரபிஸ்ட் ஆவதென்றால் கல்லூரிப் படிப்பே வேண்டும். இங்கே மூன்று மாதம் படித்துவிட்டு அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு எடுபடாது.

தாய் மசாஜ் மேல் ஆசைப்படுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பாங்காக் வாட் போ கோவிலைச் சார்ந்த பள்ளி 1955-இல் தொடங்கியது. மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் கோவில் சுவர்களில் பதித்த மருத்துவக் கல்வெட்டுகள் இன்றும் அங்கே இருக்கின்றன. நுவாட் தாய் என்னும் இந்தக் கலையை 2019-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அடிப்படைப் படிப்பு 30 மணி நேரம், வெளிநாட்டவரும் சேரலாம். எண்ணெய் கிடையாது, தரையில் விரிப்பு போட்டு, உடையோடு படுக்க வைத்துச் செய்வது. எண்ணெய் மசாஜ் கூச்சமாக இருக்கிறது என்பவர்களுக்கு இது ஒத்துவரும். ஆனால் தாய்லாந்தில் அந்த வேலை அந்நாட்டவருக்கே ஒதுக்கப்பட்டது. கற்றுக்கொண்டு திரும்பி வரலாம், அங்கேயே தங்கி வேலை பார்க்க முடியாது. இதைச் சொல்லாமல் "பாங்காக்கில் வேலை வாய்ப்பு" என்று விளம்பரம் செய்யும் ஆட்களை அந்த ஒரு வரியிலேயே எடைபோட்டுக்கொள்ளலாம்.

மணிக்கணக்கு

பள்ளிகள் பயிற்சியை மாதத்தில் சொல்லும். நீங்கள் மணியில் மாற்றிப் பாருங்கள். "ஏழே நாளில் நிபுணர்" என்பது ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வைத்தாலும் 42 மணி நேரம். மூன்று மாதப் படிப்பு என்பார்கள். வாரம் இரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் அது எண்பது மணி நேரத்தைக்கூடத் தொடாது. 500 மணி நேரம் என்பது நாளுக்கு ஐந்து மணி வீதம் நூறு நாள். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு நோட்டீஸில் உள்ள பெரிய எழுத்துகள் சுருங்கிப் போகும்.

மொத்த மணியில் உங்கள் கை இன்னொருவர் உடம்பில் இருந்த நேரம் எவ்வளவு, அதில் ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்த்த நேரம் எவ்வளவு என்று அடுத்துக் கேளுங்கள். வீடியோ போட்டுக் காட்டுவதும், ஆசிரியர் செய்ய முப்பது பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதும் பயிற்சிக் கணக்கில் வரக்கூடாது. ஆன்லைனில் எலும்பு, தசைகளின் பெயர்களைப் படிக்கலாம், அதில் தவறில்லை. கையின் அழுத்தத்தை ஆன்லைனில் யாரும் திருத்த முடியாது.

பள்ளிக்குள் ஒரு நாள்

சேரும் முன் ஒருமுறையாவது மசாஜ் எடுத்துக்கொள்ளுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், விண்ணப்பிக்க வருபவர்களில் பலர் தாங்கள் அந்த டேபிளில் படுத்ததே இல்லை. குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் பெஞ்சில் உட்கார வைத்துப் பத்து நிமிடம் தட்டித் தேய்த்துவிடுவார்களே, அதை மட்டும் அனுபவித்திருப்பார்கள். ஒகேனக்கல்லும் அப்படித்தான். அந்த மனிதர்களின் கைகளைக் குறைத்துச் சொல்லவில்லை. வெயிலில் நின்றபடி ஒரு நாளில் எத்தனையோ முதுகுகளைப் பார்த்த கைகள் அவை. ஆனால் நீங்கள் செய்யப் போகும் வேலை, முன்பின் தெரியாத ஒருவர் கண்ணை மூடி ஒரு மணி நேரம் தன்னை உங்களிடம் ஒப்படைக்கும் வேலை. அப்படி ஒப்படைப்பது எப்படி இருக்கும் என்று ஒரு தடவை தெரிந்துகொண்டால் நல்லது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனையில் தொக்கணம் என்னும் சித்த மசாஜும் வர்மமும் சிகிச்சையாகவே தரப்படுகின்றன. முதுகுவலி, கழுத்துவலி இருந்தால் அங்கே காட்டிப் பாருங்கள். நோயாளியாகப் போய்வந்தவர் மாணவராக நன்றாகவே கற்பார்.

பிறகு பள்ளிக்குப் போங்கள். அலுவலக அறையில் ஏசி போட்டு உட்கார வைத்து ஜூஸ் கொடுப்பார்கள். குடித்துவிட்டு, "ப்ராக்டிகல் ரூமைப் பாக்கலாமா?" என்று கேளுங்கள். "இப்ப கிளாஸ் நடக்குது, இன்னொரு நாள்" என்றால் அந்த இன்னொரு நாளும் போங்கள். அறைக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கு சொல்லும். பழைய எண்ணெயின் சிக்கு வாடை வந்தால் படுக்கை விரிப்புகள் ஒழுங்காகத் துவைக்கப்படுவதில்லை. கை கழுவக் குழாயும் சோப்பும் எங்கே இருக்கின்றன? டேபிள் ஒன்றுக்கு எத்தனை மாணவர்? டேபிளின் உயரத்தை மாற்ற முடியுமா? எண்ணெயைச் சூடாக்கும் பாத்திரம் நேரடியாக அடுப்பில் இருக்கிறதா, வெந்நீரில் வைத்திருக்கிறார்களா?

நான் மிகவும் நம்புவது கிழி கட்டும் மேசையை. பொடிக்கிழியோ இலைக்கிழியோ, மருந்தைத் துணியில் குவித்து, ஓரங்களைச் சேர்த்து, நூலால் இறுக்கி, பிடித்துக்கொள்ள மேலே ஒரு குமிழ் வருகிற மாதிரி கட்டுவார்கள். இரண்டு கிழி வேண்டும். ஒன்று உடம்பில் இருக்கும்போது மற்றது சட்டியில் எண்ணெயோடு சூடேறும். முடிச்சு தளர்ந்தால் சுடச்சுட மருந்து நோயாளியின் முதுகில் கொட்டும். நல்ல ஆசிரியர் மாணவன் கட்டிய கிழியை வாங்கி, தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்ப்பார். அவிழ்ந்தால் மறுபடியும் கட்டச் சொல்வார். அதையும் அவிழ்த்துக் கொடுப்பார். அந்த அலுப்பூட்டும் வேலை நடக்கிற இடத்தில் தைரியமாகச் சேரலாம். கிழிகளை வெளியிலிருந்து கட்டியே வாங்கி வைத்திருக்கும் பள்ளியும் உண்டு. "டைம் மிச்சம் சார்" என்பார்கள்.

ஆயுர்வேதப் பள்ளியில் இன்னொன்றையும் பாருங்கள். அப்யங்கம் என்னும் எண்ணெய் மசாஜை இருபுறமும் இருவர் நின்று ஒரே நேரத்தில் செய்வது அங்கே வழக்கம். புதிதாக வருபவர்கள் பலத்தைக் காட்டுவதில் குறியாக இருப்பார்கள். கஷ்டமோ எதிரில் நிற்பவரின் கையோடு தன் கையை ஒத்துப்போக விடுவதில்தான் இருக்கிறது. வலப்பக்கம் தோளுக்குப் போகும்போது இடப்பக்கம் முழங்கையில் நின்றால் படுத்திருப்பவருக்கு அது எரிச்சல். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வகுப்பை ஒரு பத்து நிமிடம் நின்று பார்த்தாலே பள்ளியின் தரம் தெரிந்துவிடும்.

பாடத்திட்டத்தில் சுவீடிஷ் மசாஜ் கண்டிப்பாக இருக்கும். எஃப்ளூராஜ், பெட்ரிசாஜ் என்று பிரெஞ்சுப் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிரச் செய்தல் என்று ஐந்தே வகை. சுவீடனைச் சேர்ந்த லிங் என்பவர் உண்டாக்கியது என்று பல பள்ளிகள் இன்னும் கற்பிக்கின்றன. இந்த ஐந்தையும் முறைப்படுத்தியவர் மெட்ஸ்கர் என்னும் டச்சு மருத்துவர். சித்த மருத்துவத்தின் தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது. இரண்டையும் கற்றுத் தரும் பள்ளி கிடைத்தால் விடாதீர்கள்.

தொடக்கூடாத இடம், தொடக்கூடாத நேரம்

ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் இதைச் சொல்வேன். "ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதையில வலின்னு ஒருத்தர் வந்தா என்ன செய்யச் சொல்லிக் குடுப்பீங்க?"

"நல்லா எண்ணெய் போட்டு மேல் நோக்கி நீவிவிடணும்" என்று பதில் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, ஆடுசதை வலி என்பது ஆழ்சிரையில் ரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். பிரசவமோ அறுவை சிகிச்சையோ முடிந்து படுத்திருந்தவர்கள், நீண்ட பயணம் போய் வந்தவர்கள் என்றால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். நீவிவிடப் போய் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. தொடாமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று தயங்காமல் சொல்லும் ஆசிரியரிடம் மீதி எல்லாவற்றையும் நம்பிக் கற்கலாம்.

நம் ஊரில் அடுத்தபடியாக அதிகம் வரும் ஆபத்து சர்க்கரை நோயாளியின் பாதம். அவருக்கு அங்கே உணர்ச்சி குறைந்திருக்கும். கிழி சுடுகிறதா என்று கேட்டால், "இல்லைங்க, நல்லாத்தான் இருக்கு" என்பார். மறுநாள் கொப்புளத்தோடு வருவார். அவருக்குச் சூட்டைச் சோதிக்க வேண்டியது உங்கள் புறங்கை, அவர் வாய் சொல்வது கணக்கில் இல்லை. காய்ச்சல், தோலில் சீழ், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், கர்ப்பம், புற்றுநோய் சிகிச்சை என்று பட்டியல் நீளும். சிலவற்றில் அறவே கூடாது, சிலவற்றில் டாக்டர் சொன்னால் மட்டும் செய்யலாம். முன்கழுத்து, முழங்காலுக்குப் பின்னுள்ள குழி போன்ற இடங்களில் அழுத்தவே கூடாது. இந்தப் பட்டியல் வகுப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறதா? வருபவரிடம் நிரப்பி வாங்கும் படிவத்தில் இந்தக் கேள்விகள் இருக்கின்றனவா?

இதோடு சேர்த்து உங்கள் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். மசாஜ் படிப்பு முடித்தவர் பிசியோதெரபிஸ்ட் ஆகிவிட மாட்டார். அது தனிப் பட்டப் படிப்பு. இயற்கை மருத்துவர் என்று போட்டுக்கொள்ள பி.என்.ஒய்.எஸ். என்னும் ஐந்தரை ஆண்டுப் படிப்பு வேண்டும். "எங்க கோர்ஸ் முடிச்சா பேருக்கு முன்னால டாக்டர் போட்டுக்கலாம்" என்று சொல்லும் பள்ளி உங்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பப் பார்க்கிறது.

வீட்டில் கேட்பார்கள்

"ஏம்மா, இதுக்கா படிக்க வச்சோம்?" என்று அம்மா கேட்பார். மசாஜ் என்றாலே செய்தித்தாளில் வரும் ரெய்டு செய்திதான் நினைவுக்கு வரும். அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள். 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வர்த்தகத் தடுப்புச் சட்டத்தின் கீழ்தான் அந்த ரெய்டுகள் நடக்கின்றன. உரிமம் இல்லாத இடத்தில் வேலைக்குச் சேர்ந்த நல்ல பிள்ளையும் அதில் மாட்டிக்கொள்வாள். 2021 டிசம்பரில் ஸ்பாக்களில் கேமரா பொருத்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வந்தது. அடுத்த மாதமே மதுரைக் கிளையில் இன்னொரு நீதிபதி, அது வாடிக்கையாளரின் அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்றார். நீதிமன்றத்திலேயே இரு கருத்து நிலவும் தொழிலில் நுழைகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டே நுழையலாம்.

பள்ளிக்கு இதில் பங்கு இருக்கிறது. டவலால் மூடுவதை ஒரு தனிப் பாடமாக நடத்துகிறார்களா என்று பாருங்கள். வேலை நடக்கும் கையையோ காலையோ மட்டும் திறந்து, முடிந்ததும் மூடி, அடுத்ததைத் திறப்பது. படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது டவலைத் தூக்கிப் பிடித்து முகத்தைத் திருப்பிக்கொள்வது. எங்கெங்கே கை படும் என்பதை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குவது. அத்துமீறிப் பேசுகிறவரிடம், "சார், செஷனை இதோட நிறுத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வரும் பழக்கத்தை வகுப்பில் நடித்தே பயிற்சி கொடுக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. பெண் மாணவிகளுக்குப் பெண் ஆசிரியர் இருக்கிறாரா, மாணவிகள் யார் மேல் பயிற்சி எடுக்கிறார்கள் என்பதை அம்மாவை அழைத்துக்கொண்டு போய் நேரிலேயே கேளுங்கள். பதில் சொல்லச் சங்கடப்படுகிற பள்ளி வேண்டாம். சித்த, ஆயுர்வேத மருத்துவமனைகளில் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்ற ஒழுங்கு இருப்பதால் பல குடும்பங்கள் அந்த வழிக்குத்தான் ஒத்துக்கொள்கின்றன. அதுவும் ஒரு நியாயமான தேர்வுதான்.

ஆசானிடம் கற்றவர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் வர்ம ஆசான்களிடம் தலைமுறையாகக் கற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 புள்ளிகள். அவற்றில் எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்று உடம்பின் மீதே கை வைத்துக் கற்றுக்கொண்டவர்கள். முடிதிருத்தும் கடைகளில் தலையையும் கழுத்தையும் பிடித்துவிட்டுக் கைப்பழகியவர்களும், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டப் போகும் பாட்டிமார்களும் உண்டு. இவர்களிடம் உள்ள கைத்திறனை எந்த ஆறு மாதப் படிப்பும் தந்துவிடாது என்பது என் எண்ணம். காகிதம் மட்டும்தான் இல்லை. மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஆர்.பி.எல். என்ற ஏற்பாடு இருக்கிறது. முழுப் படிப்பில் சேர்ந்து பணம் கட்டும் முன் அந்த வழி இப்போது உங்கள் மாவட்டத்தில் திறந்திருக்கிறதா என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆசானிடம் புதிதாகச் சேரப் போகிறவர்களுக்கு ஒன்று: கற்க ஆண்டுகள் ஆகும், சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டிய அவசரம் இருந்தால் இதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் மசாஜ் நல்ல தொழில். ஜப்பானில் பார்வையற்றவர்கள் பல நூற்றாண்டுகளாக இதில் இருக்கிறார்கள். தென்கொரியாவில் சட்டமே இத்தொழிலை அவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளில் பல இன்னும் இதற்குத் தயாராகவில்லை. "சேத்துக்குவோம்" என்று சொல்வதோடு நிற்காமல், எலும்புக்கூட்டு மாதிரியைத் தொட்டுப் பழகவும் பாடத்தை ஒலிவடிவில் கேட்கவும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் கட்டைவிரல்

புதிதாக வருபவர்கள் எல்லாவற்றையும் கட்டைவிரலால் அழுத்துவார்கள். இரண்டு, மூன்று வருடத்தில் விரலின் அடிமூட்டு வலிக்க ஆரம்பிக்கும், மணிக்கட்டு மரத்துப்போகும், தொழிலே கைவிட்டுப் போகும். முன்கையாலும் முழங்கையாலும் உடம்பின் எடையைச் சாய்த்து அழுத்தக் கற்றுத் தர வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டிகள் டேபிளை லேசாகத் தொடும் உயரம் பலருக்குச் சரியாக வரும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நிற்க வேண்டும். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும். ஆசிரியர் மாணவனின் கையைத் திருத்துகிறாரா என்று மட்டும் பார்க்காதீர்கள், அவன் நிற்கும் காலைத் திருத்துகிறாரா என்றும் பாருங்கள்.

பழைய மாணவர் இரண்டு பேரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "சம்பளம் எவ்வளவு?" என்பதோடு "ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குப் பண்றீங்க?" என்றும் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் குறைவாக வைத்து, ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று கமிஷன், அதன் மேல் டிப்ஸ், தங்க இடம், சாப்பாடு என்பதுதான் பல இடங்களில் ஏற்பாடு. சீசன் இல்லாத மாதங்களில் கையில் என்ன நிற்கிறது என்பதை வேலை பார்க்கிறவர்தான் சொல்ல முடியும், பள்ளி சொல்லாது.

பணமும் காகிதமும்

கட்டணத்தை ஒரே தவணையில் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எண்ணெய், சீருடை, தேர்வுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் எல்லாம் உள்ளடங்கியதா என்று எழுதி வாங்குங்கள். நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்பார்கள். எந்த நிறுவனத்தில், என்ன சம்பளத்தில் என்று கேட்டு, போன ஆண்டு போனவர்களின் வேலைக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு வேலைக்குப் பள்ளியே ஏஜெண்ட் வேலையும் பார்த்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்ட் மட்டுமே ஆள் அனுப்பலாம். அவரது பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபார்க்கலாம். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு உண்டு. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், தர மாட்டார். விசிட்டிங் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் போகாதீர்கள். சந்தேகம் வந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

அசல் சான்றிதழ்களைப் பள்ளியும் கேட்கும், முதல் வேலை தருகிறவரும் கேட்பார். காட்டிவிட்டு நகலைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் எங்களிடம்தான் வேலை பார்க்க வேண்டும் என்ற பத்திரத்தில் படிக்கும்போதே கையெழுத்துக் கேட்டால் வீட்டில் காட்டாமல் போடாதீர்கள். சேர்ந்த முதல் நாளிலிருந்து ஒரு நோட்டு போட்டு, தேதி, செய்த சிகிச்சை, எவ்வளவு நேரம், பார்த்த ஆசிரியரின் கையெழுத்து என்று வரி வரியாக எழுதி வாருங்கள். அனுபவத்துக்கு என்ன ஆதாரம் என்று முதல் நேர்முகத் தேர்வில் கேட்டால் எடுத்து நீட்ட அந்த நோட்டு வேண்டும்.